இறந்தோர் பட்டியலில் அண்ணன்

வந்தவர்கள் பத்துப் பேர். அன்பியத் தலைவர் அங்கிள், அவர் மனைவி, எதிர் ப்ளாக்கிலிருந்து மூன்று குடும்பத்தார் ஆறு பேர், பாட்டு எடுத்துக் கொடுக்கும் டீச்சர், கடைசியாக, லிப்ட் வேலை செய்யாததால் ஒன்பது மாடியும் நடந்து ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்த கேன்டீன் அக்கா. வராதவர்கள்: ஐந்தாம் மாடிக் குடும்பம், அவர்கள் ஒரு கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தார்கள்; ஃபாதர், அவருக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க ஒரு நோயாளி; என் அப்பா, அவர் இறந்து ஒன்பது வருடம்.

என் அண்ணனை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவன் வீட்டில்தான் இருந்தான். பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குப் போடாமல். சிறையிலிருந்து வெளியே வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்கும் அவன் செத்துப்போய் ஐந்து வருடம்.

அது நவம்பர் மாதம். எங்கள் பங்குக் கோயிலில் நவம்பர் முழுவதும் இறந்தவர்களுக்கான ஜெபம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் வாரம் ஒரு வீட்டில் கூடும். அந்த வாரம் எங்கள் முறை. மெழுகுவத்தியை ஏற்றி, தலைவர் அங்கிள் பட்டியலைப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் "இளைப்பாறுதல் தாரும் ஆண்டவரே" என்பார்கள். எந்த வீட்டில் ஜெபமோ அந்த வீட்டுப் பெயர்கள் கடைசியில் வரும்.

தாத்தா பெயர் வந்தது. அப்பா பெயர் வந்தது. பிறகு அண்ணன் பெயர்.

"இளைப்பாறுதல் தாரும் ஆண்டவரே" என்றார்கள் எல்லோரும். பின்னறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு குரல் அதையே சொன்னது. மற்றவர்களைவிட அரை நொடி தாமதமாக, தெளிவாக.

தலைவர் அங்கிளின் விரல் தாளில் அந்த வரியிலேயே நின்றது. எதிர் ப்ளாக் அம்மா ஒருவர் முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். யாரும் கதவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் மெழுகுவத்தியையே பார்த்தார்கள். அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவு ஜெபத்துக்குப் போய்விட்டார்.

பிறகு மீஹூன் சேமியா சாப்பிடும்போது கேன்டீன் அக்காதான் கேட்டாள்.

"ரூம்ல யாரு?"

"ரேடியோ" என்றாள் அம்மா.

"ரேடியோ நம்ம ஜெபம் சொல்லுமா லா?"

"தமிழ் ரேடியோதானே" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் மீஹூன் போட்டுக்க."

எல்லோரும் போனபின் நான் கதவைத் திறந்தேன். அண்ணன் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தான், ஒரு கை அகல இடத்தில். அறை காலியாகத்தான் இருந்தது. உள்ளே பழகிய படுக்கை அது; பக்கத்தில் ஆள் இருப்பதுபோலவேதான் அவன் அப்போதெல்லாம் படுப்பான். ஒருவன் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.

"ஏண்ணே அப்படிப் பண்ணே?"

"எனக்குத்தானடா வேண்டினாங்க. நானும் ஒரு வார்த்தை சொல்லாட்டி மரியாதையா இருக்காதே" என்றான். சிரித்தான். பிறகு சிரிக்காமல் கேட்டான்: "எத்தனை வருஷமா?"

*

அந்தப் பெயரை எழுதியவன் நான்.

எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படித்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா ஒரு ஹோட்டலில் விரிப்புகள் மாற்றினாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். வீட்டுக்கு வரும் எல்லா ஃபாரங்களையும் பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் நிரப்புவேன். வீட்டு வாடகை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அண்ணனை ஜாமீனில் எடுக்க ஒரு விண்ணப்பம், சிறைக்குப் போய்ப் பார்க்க ஒரு விண்ணப்பம்.

அண்ணன் போதைக்குப் பணம் வேண்டி ஒரு விடிகாலையில் மோட்டர் சைக்கிளில் போய், பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்தான். அவள் விடவில்லை. மோட்டர் அவளை இழுத்துக்கொண்டு போனது. வலது மணிக்கட்டு உடைந்தது. அவனைப் பிடித்தார்கள், சிறையும் இரண்டு பிரம்படியும் கிடைத்தன. அம்மா கோயிலில் எல்லோரிடமும் அவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

அந்த வருட நவம்பரில் வழக்கம்போல கோயிலில் கவர் கொடுத்தார்கள். வெள்ளைக் கவர், மேலே சிலுவைப் படம், கீழே இறந்தவர்களின் பெயர் எழுதப் பத்துக் கோடு. எழுதிப் பெட்டியில் போட்டால் மாதம் முழுக்க அது பீடத்தின் மேல் இருக்கும். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். தாத்தா. அப்பா. பிறகு அவள் அண்ணன் பெயரைச் சொன்னாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"எழுது" என்றாள்.

"அம்மா, இது செத்தவங்களுக்கு."

"தெரியும். ஜெயில்ல இருக்கறவனுக்குன்னு தனியா கவர் கொடுத்தாங்களா? கொடுத்தா அதுல எழுது. எனக்கு அவன் பேரு ஒரு மாசம் பீடத்துல இருக்கணும். சாமிக்குத் தெரியும் அவன் எங்க இருக்கான்னு. சாமி என்ன கவரைப் பாத்தா கணக்கு வைக்கப் போறாரு?"

எழுதினேன். பெயர் மட்டும்தானே, யார் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் கவரில் இருந்த பெயர்களைத் தலைவர் அங்கிள் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லா அன்பியங்களுக்கும் படிக்கக் கொடுத்துவிட்டார். இரண்டாம் வாரம் ஒரு குடும்பம் அண்ணன் ஆன்மாவுக்குப் பூசை வைத்த அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. "சிங்கப்பூர்லயா நடந்துச்சு? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா மறுக்கவில்லை. அவளும் அழுதாள். அவள் அழுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அதற்குப்பின் கவர் நிரப்பத் தேவையே வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏறிய பெயர் ஒவ்வொரு நவம்பரும் தானாக வந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து புக்கிட் தெங்காவில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதும் வேலைக்குப் போன நான், பங்கின் சிறை ஊழியக் குழுவில் சேர்ந்திருந்தேன். கிறிஸ்மஸுக்கு உள்ளே போய்ப் பாட்டுப் பாடுவோம். இளைஞர் தியானக் கூட்டத்தில் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசினேன். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அடைத்துவைத்தால் அடைபட்டவன் மாறுவதில்லை, அடிபட்டவளுக்கும் ஒன்றும் திரும்பக் கிடைப்பதில்லை. உடைத்தவனும் உடைபட்டவளும் நேருக்கு நேர் உட்கார்ந்து, என்ன உடைந்தது, யார் அதைச் சரிசெய்வது என்று பேசும் நீதி ஒன்று வேண்டும். சிலுவையில் தொங்குகிறவரே தண்டனை பெற்ற கைதி என்பதை நாம் மறக்கக் கூடாது என்றெல்லாம். கை தட்டினார்கள். நான் நம்பித்தான் பேசினேன். அப்போதும் பங்குக் கம்ப்யூட்டரில் என் அண்ணன் இறந்தவனாக இருந்தான்.

*

வெளியே வந்த அண்ணனிடம் சில பழக்கங்கள் இருந்தன. திறந்திருக்கும் கதவுக்கு முன்னால் நிற்பான், யாராவது "போ" என்று சொல்லும்வரை. நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். அங்கே அவனுக்கு எண்தான். பகலில் வெளியே போகமாட்டான். அம்மா போகவும் விடவில்லை.

அந்த ஜெபம் நடந்த மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டுவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஒன்று சொன்னான்.

"மொத வருஷம், உள்ள போய் அஞ்சாறு மாசம் இருக்கும். சாயங்கால எண்ணிக்கை. எல்லாரும் வரிசையா குத்துக்கால் போட்டு உக்காருவோம். ஒரு ஆள் குறையுதுன்னாங்க. மறுபடி எண்ணினாங்க, குறையுது. மூணாவது தடவையும் குறையுது. கழிவறையெல்லாம் தேடறாங்க. எனக்குத் தெரியுதுடா, என்னைத்தான் எண்ணல. எனக்கு முன்னாடி இருக்கறவனைத் தொடறாங்க, பின்னாடி இருக்கறவனைத் தொடறாங்க. நான் நடுவுல உக்காந்திருக்கேன். வாயைத் திறந்தா சத்தம் வரல."

"அப்புறம்?"

"நாலாவது தடவை சரியாயிடுச்சு. எல்லாரையும் திட்டிட்டுப் போயிட்டாங்க."

"எந்த மாசம்ணே?"

"தீபாவளி கழிஞ்சு. நவம்பரா இருக்கும்." அவன் என்னைப் பார்த்தான். "ஏண்டா முகம் இப்படிப் போகுது?"

களைப்பில் எண்ணியவர்கள் தவறியிருப்பார்கள். அப்படித்தான் நான் இப்போதும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. கவரைப் பற்றி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அம்மாவைப் பார்த்தான், அம்மா சிங்கில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த அக்காவும் நான் செத்துட்டேன்னு நினைச்சிட்டிருக்காங்களா?" என்றான்.

எந்த அக்கா என்று கேட்கத் தேவையில்லை. உள்ளே இருந்த காலம் முழுவதும் அவன் என்னிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டெலிபோனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கை சரியாயிடுச்சா? எனக்குத் தெரியாது என்றே ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன்.

"அவங்களைப் பாக்கணும்டா."

அம்மா குழாயை மூடினாள். "ஒருத்தரையும் பாக்க வேணாம். நீ செத்தவனா இருந்தப்ப பத்துப் பேரு இந்த வீட்டுல முட்டி போட்டு உனக்கு ஜெபம் சொன்னாங்க. நேத்திக்கும் சொன்னாங்க. நீ உயிரோட போய் நில்லு, அதே பத்துப் பேரு கிரில் கதவைச் சாத்துவாங்க. எனக்கு ஜெபம் போதும்."

நான் எழுந்து மேசையைத் துடைத்தேன். தியானத்தில் ஒரு மணி நேரம் பேசியவன்தான்.

*

ஃபாதரிடம் போனேன். அவர் பங்குக்கு வந்து ஒரு வருடம்தான்; பட்டியல் கதை அவருக்குத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் அண்ணன் மனசு லேசாகறதுக்காக கை உடைஞ்ச அந்த அம்மாவை இழுத்துட்டு வராதே" என்றார். "முதல்ல அவங்க. அவங்க வேணாம்னா அங்கயே நிறுத்திடணும். இன்னொண்ணு, தம்பி, உங்க வீட்டுல ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு உன் அண்ணன் பண்ணது. ஒண்ணு நீ எழுதினது. எது முதல்ல அவங்ககிட்ட போகணும்னு யோசி."

சிறைக் குழுவில் ஒரு அக்கா, அந்தப் பெண் இருந்த மாக் மண்டின் பகுதியில் பலரைத் தெரிந்தவர். அவர் விசாரித்து, அந்தப் பெண்ணிடம் போனில் பேசினார். திரும்பி என்னை அழைத்து, "வரச் சொன்னாங்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஆனா என்ன சொன்னாங்க தெரியுமா? 'செத்துப்போனவன் வீட்டுல இருந்தா? நானே தேடணும்னு இருந்தேன்' அப்படின்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்லணும்."

சனிக்கிழமை பெர்ரிப் படகு ஏறி அக்கரைக்குப் போனேன். அவள் வீடு கீழ்த்தளம். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, பக்கத்தில் ஒரு பெரிய ப்ளாஸ்டிக் தொட்டி நிறைய சின்னச் சின்ன ஆணிகள். அவற்றை எண்ணிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ பட்டறைக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலை. இடது கையால் எண்ணினாள். வலது கை மடியில் இருந்தது, தூங்குகிற பிள்ளையைப்போல.

நான் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "உங்க அண்ணனைக் கொன்னது நான்தான் தம்பி."

நான் அந்த வலது கையைப் பார்த்தேன்.

"கேஸ் முடிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போனேன். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வச்சு, என் கையை எடுத்தவன் உயிரை எடுத்துருன்னு கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன். அப்புறம் கொஞ்ச நாள்ல, என்கூட கம்பெனி லைன்ல வேலை செஞ்ச ஒரு கிறிஸ்தவப் பொண்ணு, கோர்ட்டுக்குக்கூட எனக்குத் துணைக்கு வந்தவ, ஓடி வந்து சொன்னா. 'அக்கா, அவன் செத்துட்டான். எங்க கோயில்ல பேரு படிச்சாங்க, அவங்க அப்பா பேருகூட சேர்ந்து வந்துச்சு'ன்னு. மொத நாள் எனக்குச் சந்தோஷமாதான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது."

அவள் ஆணிகளை எண்ணுவதை நிறுத்தவில்லை. பத்துப் பத்தாக.

"ரெண்டாவது நாள்ல இருந்து வந்தான்."

"யாரு?"

"உங்க அண்ணன். சும்மா நிப்பான். நான் துணி காயப்போடற இடத்துல, மோட்டரை ஆப் பண்ணிட்டு உக்காந்திருப்பான். ஹெல்மெட்டைக் கழட்டமாட்டான். பட்டப்பகல்ல லா. மககிட்ட சொன்னா பயந்துடுவா. அஞ்சு வருஷமா வெள்ளிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பாடு. உங்கம்மாவைப் பாத்துச் சொல்லணும்னு இருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவ. என்னால பறிகொடுத்தவ."

நான் வரும்போது பெர்ரியில் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அண்ணனைப் பற்றியவை. அவற்றில் ஒன்றும் உதவவில்லை. "அக்கா, அவன் சாகல" என்றேன். "பேரை எழுதினது நான். தப்பா எழுதினேன்." கவரையும் கோடுகளையும் அம்மா சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்னக் காரணமாக இருந்தது என்று எனக்கே பட்டது.

அவள் கை நின்றது. எத்தனை எண்ணினாள் என்று மறந்துபோய், எல்லாவற்றையும் திரும்பத் தொட்டியில் கொட்டினாள்.

அண்ணனின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். பார்த்துவிட்டு, "படம் யாரு வேணா வச்சிருக்கலாம்" என்றாள். "செத்தவங்க படம்தான் எல்லாரும் வச்சிருப்பாங்க."

"கூட்டிட்டு வரட்டுமா?"

அவள் திரும்ப ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி வைத்தாள்.

"பகல்ல கூட்டிட்டு வா. வீட்டுக்குள்ள வேணாம். அதே பஸ் ஸ்டாப்புக்கு. அவனுக்கு நிழல் விழுதான்னு நான் பாக்கணும்."

*

அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஃபாதர், நான், அண்ணன், சிறைக் குழு அக்கா நால்வரும் போவதாகத் திட்டம். கிளம்பும்போது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளால் ஒரு பெண் ஐந்து வருடம் வெள்ளிக்கிழமை அரைப்பட்டினி கிடந்தாள் என்று நான் சொன்னதிலிருந்து இரண்டு நாள் அவள் என்னோடு பேசாமல் இருந்தாள்.

பஸ் ஸ்டாப் ஒரு நீலத் தகரக் கூரையும் ஒரு சிமெண்ட் பெஞ்சும்தான். பின்னால் பட்டறைகள். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைக் கூரைக்கு வெளியே, தார்ச்சாலை ஓரம் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் போய் நின்றான், வரிசையில் நிற்பதுபோலக் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு.

வானம் மூடிக்கிடந்தது. தரையில் அவனுக்கு நிழல் இல்லை.

எங்களுக்கும்தான் இல்லை, கம்பத்துக்கும் இல்லை. ஆனால் அவள் அவன் காலடியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் ஏதோ சொல்ல வந்தார். அவள் இடது கையைத் தூக்கி நிறுத்திவிட்டாள். லாரிகள் போயின. ஒரு பஸ் வந்து, கதவைத் திறந்து, ஏறுவார் இல்லாமல் மூடிக்கொண்டு போனது. பத்து நிமிடம் இருக்கும். அண்ணனின் முகத்தில் வியர்வை வழிந்தது, அவன் துடைக்கவில்லை. என் அண்ணனுக்கு நிழல் விழவேண்டுமே என்று நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். விழாமல் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன். அம்மாவின் விரல்கள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தன.

வெயில் முதலில் எதிர்ப் பட்டறையின் கூரையில் விழுந்தது. பிறகு சாலை. பிறகு அவன் பாதத்திலிருந்து ஒரு சின்னக் கறுப்பு வெளியே வந்தது. உச்சி நேரம் நெருங்கியதால் குட்டையான நிழல்.

அவள் எழுந்து போனாள். நிழலைச் சுற்றிக்கொண்டு, அதை மிதிக்காமல் போய், உடைந்து ஒட்டிய வலது கையை அவன் மணிக்கட்டின் மேல் வைத்தாள். கை நடுங்கியது.

"இருக்கான்" என்றாள் எங்களிடம். பிறகு திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அம்மாவும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு.

அண்ணன் தயாரித்து வைத்திருந்ததை மறந்துவிட்டான் போல. "நான் இழுத்தேன். நீங்க விடல. நான் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன். நீங்க கீழ விழுந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முறுக்கினேன்" என்றான். "மன்னிச்சிருங்க" என்ற வார்த்தையை அவன் சொல்லவேயில்லை. கேட்பதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னான்.

"நான் ஏன் விடலன்னு தெரியுமா?" என்றாள். "பையில என் மகளோட சூராட் பெரானாக் இருந்துச்சு. அன்னிக்கு அவ ஸ்கூல்ல கொடுக்கணும். அந்தப் பொறந்த பத்திரம் இல்லாம அவ யாருன்னு யாருக்கும் தெரியாது. பணமா இருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன் லா. பையை என்ன பண்ணே?"

"பாலத்துல இருந்து ஆத்துல எறிஞ்சிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஐந்து வருடமாகக் காத்திருந்த ஒரு விவரம் கிடைத்துவிட்டதைப்போல.

ஃபாதர் அவளிடம், என்ன செய்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று கேட்டார். மன்னிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இரண்டு கேட்டாள். ஒன்று அண்ணனிடம்: அன்று போனதை அவன் தன் கைச் சம்பளத்தில் திருப்பித் தர வேண்டும், தம்பி படித்தவன் கொடுக்கக் கூடாது. இன்னொன்று எங்களிடம்.

"எந்த இடத்துல அவனைச் சாகடிச்சீங்களோ அந்த இடத்துல அவன் இருக்கான்னு சொல்லுங்க. எதுக்கு ஜெயிலுக்குப் போனான்னும் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஞாயிறு?" என்று அம்மா ஃபாதரிடம் கேட்டாள்.

*

அடுத்த நாளே. தமிழ்ப் பூசை முடிந்து அறிவிப்புகளுக்குப் பின் ஃபாதர் மைக்கை அம்மாவிடம் கொடுத்தார். அண்ணன் முதல் வரிசையில் நின்றான். கோயிலில் விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் உள்ளே நுழைந்தபோதே சிலர் சிலுவை வரைந்துகொண்டார்கள். ஒரு கிழவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்.

"இவன் என் மகன்" என்றாள் அம்மா. மைக் வாயை விட்டுத் தூரமாக இருந்தது. ஃபாதர் கிட்டே தள்ளினார். "சாகல. சிங்கப்பூரும் போகல. ஜெயில்ல இருந்தான். ஒரு பொம்பளைகிட்ட பையைப் புடுங்கி அவ கையை உடைச்சிட்டான். செத்தவங்க கவர்ல பேரு போடச் சொன்னது நான்." அதோடு மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். என் பெயரை அவள் சொல்லவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் நின்று, எழுதியவன் நான் என்று சொன்னேன். கடைசி வரிசையில், காலணியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண் சிறைக் குழு அக்காவோடு நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேன்டீன் அக்கா நேராக வந்து அண்ணனின் முழங்கையைக் கிள்ளினாள்.

"சூடா இருக்கு லா" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அவனிடம், "ரேடியோவுக்குச் சோறு போட்டீங்களா இல்லியா? நாளைக்கு வா, கேன்டீன்ல பாத்திரம் கழுவ ஆள் இல்ல" என்றாள். அவன் சிரித்தான். அவள் மட்டும்தான் அன்று கிட்டே வந்தாள்.

மற்றதெல்லாம் அம்மா சொன்னபடிதான் நடந்தது. எதிர் ப்ளாக்கில் இரண்டு வீடுகளில் கிரில் சாத்தப்பட்டது. தலைவர் அங்கிள் அண்ணன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கூடவே, புது அட்டவணையில் எங்கள் வீட்டு முறை "அப்புறம் வரும்" என்றார். இன்னும் வரவில்லை. அம்மா எதிர் ப்ளாக் பக்கம் நடப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை பெர்ரி ஏறி மாக் மண்டினுக்குப் போகிறாள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆணி எண்ணப் பழகிக்கொண்டுவிட்டாள் என்று மட்டும் தெரியும். அந்தப் பெண் துணி காயப்போடும் இடத்தில் இப்போது யாரும் நிற்பதில்லையாம்.

அண்ணன் சில வாரம் கேன்டீனில் பாத்திரம் கழுவினான். பிறகு மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் உதவிக்குச் சேர்ந்தான். முதல் சம்பளம் வந்த அன்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கம்பெனி சம்பளம் தராத மூன்று மாதம், மூவாயிரத்து எழுநூற்றைம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போய்வந்த டாக்சி, நானூற்றெண்பது. கைபேசி, முந்நூற்றுத் தொண்ணூறு. மகளின் பத்திரத்துக்காக அலைந்த ஐந்து நாள் கூலி, இருநூற்று நாற்பது. பையிலிருந்த ரொக்கம், நாற்பத்திரண்டு. கை நடுங்குவதால் லைன் வேலை போனதற்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "அதை எழுதாத. அது உங்களால முடியாது" என்றாள். எலுமிச்சம்பழத்துக்கு ஒரு வெள்ளி ஆயிற்று, அது தன் கணக்கு என்றும் சொன்னாள்.

மாதம் இருநூற்றைம்பது, அண்ணனே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பான், அவளுடைய இடது கையில். பத்தொன்பது மாதம் அப்படி. இருபதாவது மாதம் நூற்றைம்பத்திரண்டு. மொத்தம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு வெள்ளி.